மாயழகு முதுகில் ஈப்பொறி

இந்தக் கதையை நான் நெடுங்காலம் நம்பவில்லை. சொன்னவன் உலகநாதன். அவன் பொய் சொல்வான் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. பொய் சொல்வதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது என்றுதான் சொல்வார்கள். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. கட்டுக்கதை என்று தள்ளவும் முடியவில்லை, நடந்தது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. மனிதர்கள் இவ்வளவு தூரம் போவார்களா என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் பேப்பரைப் படித்தால், போவார்கள் என்று தோன்றும். எப்படியோ, கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

மாயழகு செம்மறி மேய்க்கிறவன். அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக மந்தையை அடைத்துப் போடுவதற்குக் கிடை என்று பெயர். மாயழகு இருந்த கிடையை அவனையும் சேர்த்து நாலு பேர் நடத்தினார்கள். தலைவர் சோணைமுத்து. கிடைத் தலைவரைக் கீதாரி என்பார்கள். அவசரப்பட மாட்டார். எதையும் திரும்பத் திரும்ப யோசித்து, ஒவ்வொரு தடவையும் அதே தப்பான முடிவுக்கு வந்து சேர்வார். அடுத்தது பஞ்சவர்ணம், மாயழகின் மனைவி. மந்தையில் பாதி அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்தது. அப்புறம் அவள் தம்பி, நமக்குக் கதை சொன்ன உலகநாதன். கிடையில் அவனை உலகு என்பார்கள்.

கிடையில் எந்த முடிவானாலும் கூட்டம் போட்டுத்தான் எடுப்பார்கள். ஆடு உள்ளவருக்குத்தான் கூட்டத்தில் பேச்சு. மாயழகுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு ஆடு. ஆனால் அது பொலிகிடா. மந்தையில் விழுகிற குட்டிகளுக்கெல்லாம் அப்பன். பெயர் சிலம்பன். அந்தக் கிடாவை வைத்துத்தான் அவனுக்கும் கூட்டத்தில் ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். சிலம்பனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் வெறும் கூலிக்கு மேய்க்கிறவன். பஞ்சவர்ணம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். இப்போது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். இப்போது அவன் மறுத்துப் பேசிவிட்டுக் கேட்டுக்கொண்டு போகிறான். கல்யாணமானவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

போன மழைக்கு மந்தையில் புழு வைத்துவிட்டது. பச்சை ஈ என்று ஒன்று உண்டு. பார்க்க மினுமினுவென்று அழகாக இருக்கும். வாலடி ஈரத்திலும் கொம்படிப் புண்ணிலும் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். முட்டை பொரிந்து புழுவாகி, உயிரோடு இருக்கிற ஆட்டைத் தின்ன ஆரம்பிக்கும். சிலம்பனுக்கும் வைத்தது. மாயழகு சீத்தா இலையை அரைத்து அப்பி, கற்பூரத்தை வேப்பெண்ணெயில் கரைத்து ஊற்றிக் காப்பாற்றினான். இந்த மழை வருவதற்குள் அது ஒரு டிராக்டரோடு முட்டிப் பார்த்து, கொம்படியை மறுபடியும் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. மாயழகுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கால்நடை டாக்டர் ரெஜினா ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இருப்பது வெளியே தெரியும். மூடியில் ஒரு புனல், வாய் வெளியிலும் மூக்கு உள்ளேயுமாகச் சொருகியிருந்தது. ஒரு பொட்டலத்தில் ஆட்டு ஈரல்.

"இது ஈப்பொறி. உள்ள ஈரலப் போட்டுக் கிடைகிட்டத் தொங்கவிடுங்க. ஈ உள்ள போயிரும், வெளிய வர வழி தெரியாது. தினம் காலைல பாருங்க. பச்சை ஈ கொஞ்சமா இருந்தா பயமில்ல. மளமளன்னு கூடுச்சுன்னா உடனே எனக்குப் போன் போடுங்க. வந்து எல்லா ஆட்டுக்கும் மருந்து தெளிச்சிடுறேன். முந்தித் தெளிச்சா மருந்து வீண். பிந்தினா ஆடு வீண்."

"ஆக, விழுந்த ஈயெல்லாம் செத்துரும். அப்படித்தானேம்மா?" என்றார் கீதாரி.

"சாகலாம். ஆனா இது ஈயக் கொல்றதுக்கு இல்ல. ஈ எவ்வளவு இருக்குன்னு நாம தெரிஞ்சுக்கிறதுக்கு."

"கொல்றதுக்கு இல்லன்னா ஈரல் எதுக்கு? விருந்தா?" என்றான் உலகு.

"அப்படியே வச்சுக்கங்க," என்று டாக்டரம்மா ஜீப்பில் ஏறிவிட்டார். இன்னும் பல கிடைகளுக்குப் போக வேண்டியிருந்தது.

மாயழகு பின்னாலேயே ஓடினான். "எந்த உசரத்துலம்மா கட்டணும்?"

"ஆட்டு முதுகு உசரத்துல!"

ஜீப் போய்விட்டது. மாயழகு அந்தச் சொல்லைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து கூட்டத்தில் ஒப்படைத்தான்.

அன்றைக்கே ஒரு கம்பை நட்டுப் பொறியைக் கட்டினார்கள். ஈரலை உள்ளே போடும் பொறுப்பு பஞ்சவர்ணத்துக்கு. அவள் வீட்டு வேலையில் கெட்டிக்காரி. விருந்து என்று டாக்டரம்மாவே ஒப்புக்கொண்ட பிறகு, வெறும் ஈரலை அப்படியே போட அவளுக்கு மனசு வரவில்லை. கழுவினாள். மஞ்சள் தடவினாள். கெட்டுப்போகாமல் இருக்க உப்பைப் போட்டு நன்றாகப் பிசறி, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் பொறிக்குள் வைத்தாள்.

ஒரு ஈகூட எட்டிப்பார்க்கவில்லை.

கீதாரி தினமும் காலையில் பொறியைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "ஈயே இல்லாத சீமைக்கு வந்துட்டோம்," என்பார். சொல்லிக்கொண்டே கூழ்ச்சட்டியில் மொய்த்ததைத் துண்டால் விரட்டுவார்.

"அப்ப இதுக என்னண்ணே?" என்றான் உலகு.

"இதுக பொறியில இல்லையேப்பா."

யாருக்கும் அதில் மறுப்பு இல்லை. மாயழகுக்கு மட்டும் லேசாக ஒரு உறுத்தல். பொறியில் இல்லாத ஈ சிலம்பனின் கொம்படியில் உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்ன முறைப்படி பார்த்தால் அது இருக்கவே கூடாத ஈ. அதை நம்புவதா, பொறியை நம்புவதா என்று அவன் குழம்பினான். படித்தவர்கள் கொடுத்த பொறி. அதையே நம்பினான். ஈயை மட்டும் கையால் விரட்டிக்கொண்டான்.

அந்தப் பக்கமாக வந்த டாக்டரம்மா பொறியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"உப்புக்கண்டம்," என்றாள் பஞ்சவர்ணம் பெருமையாக. "வறுத்துத் தரட்டுமா?"

"அழுகணும்மா! நாறணும்! நாத்தத்துக்குத்தான் ஈ வரும்."

"எங்க வீட்ல எதையும் நாற விட்டதில்லங்க. எங்கம்மா அப்படி வளக்கல."

டாக்டரம்மா வேறு ஈரல் வாங்கி வரச்செய்து, அவரே வெயிலில் வைத்து, பஞ்சவர்ணத்தை அதன் பக்கம் போக வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஈரல் நாறியது. எப்படி நாறியது என்றால், கிடை நாய் எழுந்து நாலு வயல் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

நாற்றப் பிரச்சினை தீர்ந்ததும் உயரப் பிரச்சினை வந்தது. கிளப்பியவன் உலகு.

"மச்சான், அந்தம்மா சொன்னது ஆட்டு முதுகு உசரம். இப்ப ஆடெல்லாம் படுத்துக் கிடக்கு. பொறி மட்டும் மேல நிக்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பொறி தனியாக, அதிகப்பிரசங்கித்தனமாக, உயரத்தில் தொங்கியது.

"இறக்கு," என்றார் கீதாரி.

இறக்கினார்கள். ஆடுகள் எழுந்தன. ஏற்றினார்கள். பாதி எழுந்தது, பாதி படுத்தது. உலகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்தப் பாதிக்கு மரியாதை செய்வதென்று தெரியாமல் பாதியில் நிறுத்தினான்.

உடனே கூட்டம் கூடியது. ஆளாளுக்கு ஒரு ஆட்டைச் சொன்னார்கள். கடைசியில் கீதாரி, "மந்தைக்குத் தலை யாரு? பொலிகிடா. அது முதுகுதான் கணக்கு. அது நின்னா பொறி நிக்கணும், அது படுத்தா பொறி இறங்கணும்," என்றார். மாயழகுக்குப் பெருமையாக இருந்தது. தன் கிடாவின் முதுகை வைத்து ஊர் அளவெடுப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

ஆனால் சிலம்பன் ஒரு இடத்தில் நிற்கிற கிடா இல்லை. அது போன இடமெல்லாம் உலகு கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நட்டு முடிப்பதற்குள் அது வேறு வரப்புக்குப் போய்விடும். உலகுக்கு மூச்சு வாங்கியது.

"கீதாரிண்ணே, ஆட்டு முதுகு உசரத்துலயே எப்பவும் இருக்கிற எடம் ஒண்ணே ஒண்ணுதான்."

"எது?"

"ஆட்டு முதுகு."

கீதாரி கண்ணை மூடி யோசித்தார். பஞ்சவர்ணம் யோசித்தாள். மாயழகும் யோசித்தான். இதைவிடத் துல்லியமான இடம் உலகத்தில் இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பிடிபட்டது. ஒரு கயிற்றால் பொறியைச் சிலம்பனின் முதுகில் இறுகக் கட்டிவிட்டார்கள். அது படுத்தது, பொறியும் இறங்கியது. எழுந்தது, பொறியும் ஏறியது. ஆளே தேவைப்படவில்லை. டாக்டரம்மாவுக்கே இது தோன்றியிருக்காது என்று கீதாரி சொன்னார். அது உண்மையும்கூட.

ஈ வந்தது. ஆனால் அழுகிய ஈரலைத் தேடி வந்தவற்றில் பாதி, வழியிலேயே கொம்படிப் புண்ணைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டன. சிலம்பன் தலையைச் சிலுப்பியது. பெட்டை ஆடுகளைத் தேடிப் போனால் அவை நாற்றம் தாங்காமல் ஓடின. மந்தைக்கெல்லாம் புருஷனாக இருந்த கிடா, தனியாக ஒரு வரப்பில் நின்று வெறித்துக்கொண்டிருந்தது.

மாயழகு போய்ப் பார்த்தான். கொம்படி மயிரில் நொய்யரிசி சிந்தினாற்போல் வெள்ளை வெள்ளையாக முட்டை. ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்து, எண்ணெய் தடவி, நேரே கூட்டத்துக்கு வந்தான்.

"பொறியக் கழட்டிருவோம்ணே. கிடா செத்துப்போகும்."

"கழட்டிட்டு எங்க வைக்கிறது? ஆட்டு முதுகு உசரம்னு அந்தம்மா சொன்னாக. கொண்டாந்து சொன்னதே நீதான்."

"வேற ஆட்டு மேல வைப்போம்."

"எங்க வீட்டு ஆட்டு மேலயா?" என்றாள் பஞ்சவர்ணம். "எங்கப்பா பாத்துப் பாத்துக் குடுத்த ஆடு, நாத்தத்தச் சுமக்கவா?"

"எதுல வச்சாலும் அதுக்கு ஆகாதுல்ல," என்றார் கீதாரி.

மாயழகு வரப்பில் நின்ற சிலம்பனைப் பார்த்தான். வால் கூட ஆடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்ப நான் சுமக்குறேன்."

கீதாரி எழுந்து அவனைச் சுற்றி வந்தார். "நிமிந்து நிக்காத, உசரம் கூடுது. குனி. இன்னும். கைய ஊனு." மாயழகு கையை ஊன்றினான். சிலம்பனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். கீதாரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முதுகையும் பார்த்தார்.

"பொருந்துது," என்றார்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கிடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வேலையை இன்னொருவன் பார்த்தால், பதிலுக்கு இவன் வேலையை அவன் பார்த்துக்கொடுக்க வேண்டும். மாற்றாள் என்பார்கள். காய்ச்சல்காரனுக்காக ஒருவன் மேய்ச்சலுக்குப் போனால், காய்ச்சல் விட்டதும் அவன் வந்து இவனுக்காகப் போவான். அந்த வழக்கம் தவறி அந்தக் கிடையில் எதுவும் நடந்ததில்லை.

"மச்சான் கிடாவோட வேலையப் பாக்குறாரு," என்றான் உலகு. "மச்சான் வேலைய யாரு பாக்குறது?"

"எனக்கென்ன மாப்ளே வேலை? ஆடு மேய்க்கிறதுதானே."

"அதத்தான் நாலு காலுல செய்யப் போறீகளே. மிச்சம் இருக்கிறது கூட்டத்துல பேசுறது ஒண்ணுதான்."

"முறைன்னா முறைதான்," என்றார் கீதாரி. "இன்னையிலருந்து பேச்சு சிலம்பனுக்கு."

மாயழகு ஒப்புக்கொண்டான். கிடா பிழைத்தால் தன் பேச்சும் பிழைக்கும் என்று அவன் நினைத்தான். அந்த நினைப்பில் எங்கோ ஓட்டை இருக்கிறதென்று உறைத்தபோது முதுகில் பொறியைக் கட்டி முடித்திருந்தார்கள்.

சிலம்பனைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் வைத்து, கூட்டத்தில் ஒரு சாக்கு விரித்து உட்காரவைத்தார்கள். கீதாரி கேட்டார்: "அடுத்த வயலுக்குக் கிளம்பலாமா, நாள் கழிச்சுப் போலாமா?" சிலம்பன் அசைபோட்டது.

"யோசிக்குது," என்று கீதாரி மெச்சினார். "மாயழகு மாதிரி வெடுக்குன்னு எடுத்தெறியல."

"குறுக்கயும் பேசல," என்றாள் பஞ்சவர்ணம்.

அந்தக் கிடையின் கூட்டங்கள் அதற்கு முன் அவ்வளவு சுமுகமாக நடந்ததே இல்லை என்று உலகு சொல்கிறான். எந்தத் தீர்மானமும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

மாயழகு மந்தையோடு போனான். முழங்காலில் சேறு. முதுகில் நாற்றம். ஆடுகள் கொஞ்சம் விலகி நடந்தாலும் போகப்போகப் பழகிக்கொண்டன. நல்லவேளையாக, புல் தின்னும்படி அவனை யாரும் வற்புறுத்தவில்லை. உலகு மட்டும் ஒரு தடவை மரியாதைக்குக் கேட்டுப்பார்த்தான்.

மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, நடுவில் புழுக்கம். முதுகில் இருப்பதை மாயழகு பார்க்க முடியாது, கேட்க முடியும். முதலில் யாரோ தூரத்தில் முனகுகிற மாதிரி இருந்த சத்தம், ஒரு நாள் காலையில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஆனது. டாக்டரம்மா சொன்ன வேளை வந்துவிட்டது. அவன் நாலு காலில் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடிவந்தான்.

"கீதாரிண்ணே! ஈ கூடிருச்சு! டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க!"

கீதாரிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. காதைப் பொத்திக்கொண்டார். "மாயழகு, உனக்குப் பேச்சு இல்லப்பா. நீ சொன்னத நான் கேட்டேன்னு ஆச்சுன்னா சிலம்பனுக்கு என்ன மரியாதை?"

போன் உலகுவின் மடியில் இருந்தது. "மாப்ளே, நீயாவது போடு," என்றான் மாயழகு.

"கூட்டத்துல முடிவாகாம எப்படி மச்சான் போடுறது?"

பஞ்சவர்ணத்திடம் போனான். அவள் குரலைத் தணித்து, "இந்தா பாருங்க, எனக்கும் ஆசைதான். ஆனா எதுன்னாலும் ஒங்க மாத்தாள விட்டுச் சொல்லச் சொல்லுங்க," என்றாள்.

வேறு வழியில்லாமல் மாயழகு சிலம்பனிடமே போனான். எதிரும் புதிருமாக நின்றார்கள். இரண்டு பேருக்கும் முகம் ஒரே மட்டத்தில் இருந்தது.

"சிலம்பா, உன் உசுருடா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். 'ஈ கூடிருச்சு'ன்னு மட்டும் சொல்லிரு. ஈ... கூடிருச்சு. எங்க, சொல்லு?"

சிலம்பன் பின்னங்காலால் ஒரு உதை விட்டது. மாயழகுக்கு உயிர் போய்விட்டது. புழு வைத்த ஆடுதான் அப்படி உதைக்கும். கொம்படியைப் பார்த்தான். உள்ளே நெளிந்தது.

கூட்டம் கூடியதும் கீதாரி கேட்டார்: "சிலம்பா, சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?" சிலம்பன் சாக்கின் ஓரத்தைக் கடித்தது. "ஒண்ணும் இல்லையாம்," என்று கூட்டத்தைக் கலைத்தார். மாயழகு வெளியே நின்று, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டான்.

கிடாவைக் காப்பாற்றியது வேறொரு சங்கதி. சுற்றியிருந்த கிடைகளிலிருந்தெல்லாம் டாக்டரம்மாவுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது. இவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. இந்தக் கூட்டத்தைத் தெரிந்தவர் ஆனதால், அவருக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. மருந்தையும் தெளிப்பானையும் ஏற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

மந்தைக்கு நடுவில், தூறலில், ஒரு ஆள் நாலு காலில் நின்றுகொண்டிருந்தான்.

"யாரது? மாயழகா? என்ன ஆச்சு?"

மாயழகு வாயைத் திறந்தான். கீதாரியைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பிறகு மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டினான். டப்பா முழுக்க மயில் கழுத்து நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"ஐயோ! இவ்வளவு ஈயா! ஏன் போன் போடல?"

"கூட்டத்துல யாரும் சொல்லலையேம்மா," என்றார் கீதாரி.

"இவருக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்மா. ஆனா பேச்சு கிடாகிட்ட இருக்கு."

டாக்டரம்மா கிடாவைப் பார்த்தார். கிடா டாக்டரம்மாவைப் பார்த்தது. அவர் ஜீப்பின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, வேறு எதுவும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தார். முதலில் சிலம்பனைப் பிடித்து, கொம்படியிலிருந்த புழுக்களை இடுக்கியால் எடுத்துக் கழுவி மருந்து வைத்தார். இன்னும் தாமதித்திருந்தால் மண்டைக்குள் போயிருக்கும் என்றார். மாயழகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுவதற்குப் பேச்சு தேவையில்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை.

மந்தை முழுக்க மருந்து தெளித்து முடிந்ததும் கீதாரி கேட்டார்: "பொறி சுமந்ததுக்குத் தெளிக்கலையேம்மா?"

டாக்டரம்மா மாயழகைப் பார்த்தார். "அவருக்கு சோப்பு போதும்."

போகும்போது அவரே ஒரு கம்பை நட்டு, பொறியைக் கட்டித் தொங்கவிட்டு, இதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் மறையும்வரை நாலு பேரும் அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடு படுத்தா என்ன பண்ணுவாக?" என்றான் உலகு.

"விடுப்பா," என்றார் கீதாரி. "படிச்சவுக. அவுகளுக்கும் எல்லாம் தெரியணும்னு இருக்கா?"

சிலம்பன் தேறியது. கொம்படி ஆறி, பெட்டை ஆடுகள் திரும்பி வந்தன. மாயழகு குளித்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நிமிர்ந்தான். இனி மாற்றாள் வேண்டாம், தன் பேச்சு தனக்கு வேண்டும் என்பதை ஜாடையில் காட்டினான். ஜாடை புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் அவனுக்குப் பல்வலி என்று நினைத்தார்கள்.

கூட்டம் கூடியது. சிலம்பன் சாக்கில் உட்கார்ந்திருந்தது. மாயழகு வெளியே நின்றான்.

"கிடாவே இருக்கட்டும்," என்றாள் பஞ்சவர்ணம். "தப்பா நெனைக்காதீக. அவரு நல்லவருதான். ஆனா கல்யாணம் ஆனதுலருந்து நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்ட ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்."

"எனக்கு மச்சான்தான் வேணும்," என்றான் உலகு. "கிடா வந்ததுலருந்து கூட்டத்துல சண்டையே இல்ல. எதுக்கு வர்றோம்னே தெரியல."

ஆளுக்கொரு பக்கம். தலைவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பேச்சு. அது சிலம்பனுடையது.

"அது சம்பந்தப்பட்ட விஷயத்துல அதுவே முடிவு சொல்லலாமாண்ணே?" என்றான் உலகு.

"பெரிய பெரிய சபையிலேயே அப்படித்தான்ப்பா நடக்குது," என்றார் கீதாரி. குச்சியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணம் போய் நின்றாள். இந்தப் பக்கம் உலகு நின்றான். சிலம்பனின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். "யாரும் கூப்பிடக் கூடாது. அது மனசுப்படி போகட்டும்."

மாயழகு பார்த்துக்கொண்டே நின்றான். தன்னைவிடப் பொறுமையான, தன்னைவிட மரியாதை பெற்ற, தன் மனைவியே விரும்புகிற ஒன்றின் கையில் அவன் வாழ்வு இருந்தது. அது அவனுடைய கிடாவாகவே இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சிலம்பன் எழுந்தது. பஞ்சவர்ணத்தைப் பார்த்தது. உலகுவைப் பார்த்தது. சாக்கை விட்டு இறங்கி, கோட்டைத் தாண்டி, நேரே உலகுவின் பக்கம் போய் நின்றது.

கீதாரியால் தாங்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "பதவியில இருந்துக்கிட்டே, யாரும் கேக்காம, தானா எறங்கி வந்து குடுத்துட்டுப் போயிருச்சே. என் ஆயுசுல இப்படி ஒருத்தரப் பாக்கல." எதிர்த்து நின்ற பஞ்சவர்ணமும் கையெடுத்துக் கும்பிட்டாள். பேச்சு திரும்பக் கிடைத்த மாயழகுக்குப் பேச்சே வரவில்லை.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் உலகுவின் குரல் கம்மிவிடும். எனக்கும் ஏதோ செய்யும். மற்றதையெல்லாம் காலப்போக்கில் நம்பிவிட்டேன். உப்புக்கண்டத்தை நம்பினேன், நாலு காலில் மாயழகு நடந்ததை நம்பினேன். இந்த ஒரு இடம்தான் தொண்டையில் இறங்கவில்லை. நாற்காலியிலிருந்து தானாக இறங்கிய யாரையும் நான் பார்த்ததில்லை என்பது காரணமாக இருக்கலாம். அல்லது என் மனசுதான் கோணலோ என்னவோ. சமீபத்தில் அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது, டீயைக் கையில் கொடுத்துவிட்டு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்:

"உலகு, சத்தியமாச் சொல்லு. சிலம்பன் உன் பக்கம் நடந்து வந்தப்ப, உன் முதுகுக்குப் பின்னால கொஞ்சம் அகத்தித்தழை இருந்துச்சா, இல்லையா?"